உயிர்மீட்புக் கல்வியும் பயிற்சிப் பதுமையும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு வழியாகத் திருச்சூர் நோக்கிச் செல்லும் சாலையில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் அமைந்துள்ள ஊர் கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றித் தென்னந்தோப்புகளும், முதலமடையின் புகழ்பெற்ற மாந்தோப்புகளும் பரந்துள்ளன. மீன்கரை, சுள்ளியாறு ஆகிய இரு அணைகளும் அண்மையிலேயே உள்ளன. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இப்பகுதியில் தோட்ட வேலையும் வயல் வேலையுமே பலருக்கும் பிழைப்பு. பெரிய மருத்துவமனையை நாட வேண்டுமானால் ஒரு பக்கம் பாலக்காட்டிற்கும், மறு பக்கம் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ வாகனத்தில் சென்றாக வேண்டும்.

இத்தகைய ஊரில் ஒருவரது இதயம் திடீரென நின்றுவிட்டால், அல்லது பிறந்த குழந்தை மூச்சு விடாமற் கிடந்தால், அவ்வுயிருக்கு எவ்வளவு நேரம் உண்டு? இதயம் நின்றபின் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மூளையின் நுண்ணறைகள் மீளாத சேதத்தை அடையத் தொடங்குகின்றன. எவ்வித உதவியுமின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவிகிதம் வரை குறைத்துவிடுகிறது என்பது மருத்துவ நூலோரின் கணிப்பு. தமிழகத்தில் 2008 முதலும், கேரளத்தில் ‘கனிவு’ என்னும் பெயரில் 2019 முதலும் 108 ஆம்புலன்ஸ் சேவை நடைபெற்று வருகிறது. ஆயினும், எவ்வளவு விரைந்து வந்தாலும் வண்டி வந்து சேருமுன் அந்தச் சில நிமிடங்கள் கடந்துவிடக் கூடும்.

ஆகவே, இவ்வாறான இடங்களில் உயிரைக் காப்பவர் அருகிலிருப்பவரே ஆவார். கிராமச் சுகாதாரச் செவிலியர், துணை நிலையத்தில் பணிபுரியும் நர்ஸ், விடுமுறைக்கு வீடு வந்த நர்ஸிங் மாணவி ஆகியோருள் ஒருவராக அவர் இருக்கலாம். அந்நேரத்தில் அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க இயலாது. செய்ய வேண்டியதை அவருடைய கை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவைக் கைக்குப் புகட்டுவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நோயாளியிடம் கற்க இயலாத வித்தை

செவிலியர் கல்வியின் பெரும் பகுதி நோயாளியின் படுக்கையருகே கற்கப்படுவதாகும். உடல் வெப்பத்தை அளத்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், மருந்து ஊட்டுதல் முதலியவற்றை மூத்த செவிலியர் செய்யக் கண்டு, பின்னர் அவர் மேற்பார்வையில் மாணவி தானே செய்து பழகுகிறாள். உயிர்மீட்பு முறையை இவ்வழியில் கற்பிப்பது இயலாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அத்தகைய சந்தர்ப்பம் எப்பொழுது நேரும் என்று கூற முடியாது. பயிற்சிக் காலம் முழுவதிலும் ஒரு முறையேனும் அதனைக் காணாத மாணவியரும் உண்டு. இரண்டாவது, அது நேரும்பொழுது மூத்தோர் முன்வந்து பணியாற்றுவர்; மாணவி சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். அவ்வாறு நிற்பதே முறையுமாகும், ஏனெனில் ஓர் உயிர் ஊசலாடும் வேளை பாடம் நடத்துவதற்குரிய வேளையன்று. மூன்றாவது, நலமாக உள்ள ஒருவரின் மார்பை அழுத்திப் பழகுதல் கூடாது. முறையான அழுத்தம் விலா எலும்பை முறிக்கவும் கூடியது.

இவ்வாறு, மிக அவசியமான ஒரு திறமை, கற்பதற்கு வாய்ப்பில்லாத திறமையாகவும் இருந்து வந்தது. இந்த இக்கட்டிலிருந்து விடுபடக் கண்ட வழியே பாவனைப் பயிற்சி. உண்மையான நிலைமையைப் போன்ற ஒரு நிலைமையைப் பயிற்சிக்கூடத்தில் ஏற்படுத்தி, நோயாளிக்குப் பதிலாக ஒரு பதுமையை வைத்து, அதன் மீது செய்து பழகுவதே அதன் சாரம். மேனிக்கின் என்று கல்லூரிகளில் வழங்குவது இப்பதுமையேயாகும்.

பழமையான ஒரு கருத்து

இது மேலைநாட்டார் புதிதாகக் கண்ட உபாயம் என்று எண்ண வேண்டுவதில்லை. பாரதத்தின் தொன்மையான அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதையில் மாணவர் பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் காணப்படுகிறது. கீறும் முறையைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் பழக வேண்டும் என்றும், கட்டுப் போடும் முறையை மனித உருவில் செய்த பொம்மையின் அங்கங்களில் பழக வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. சாஸ்திரத்தை முற்றக் கற்றவனாயினும், கையால் பழகாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அதன் கொள்கை.

பிரான்சில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவச்சியான மதாம் து கூத்ரே, துணியாலும் தோலாலும் ஒரு தாயின் இடுப்புப் பகுதியையும் சிசுவின் உருவத்தையும் அமைத்தார். 1759இல் அரசரின் ஆணை பெற்று, ஊர் ஊராகச் சென்று, எழுத்தறியாத கிராமப் பெண்களுக்கும் அதன் உதவியால் பேறுகாலப் பணியைக் கற்பித்தார். அமெரிக்காவில் 1911இல், ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்காக, பொம்மை செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த மார்த்தா சேஸ் என்னும் பெண்மணி ஆளுயரப் பதுமை ஒன்றைச் செய்தளித்தார். ‘மிஸஸ் சேஸ்’ என்று அழைக்கப்பட்ட அப்பதுமையைத் திருப்பிப் படுக்க வைத்தும், உடை மாற்றியும் மாணவியர் பல தலைமுறைகளாகப் பயின்றனர்.

உயிர்மீட்புப் பதுமையின் தோற்றம்

இன்று வழங்கும் உயிர்மீட்பு முறை 1950களின் பிற்பகுதியிலும் 1960ஆம் ஆண்டிலும் உருப்பெற்றது. வாயோடு வாய் வைத்து ஊதும் செயற்கைச் சுவாசமே, கைகளை உயர்த்தித் தாழ்த்தும் பழைய முறைகளைக் காட்டிலும் பயன் மிக்கது என்பதைப் பீட்டர் சஃபார் என்னும் மருத்துவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நிரூபித்தார். அதே நகரில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், மார்பைப் பிளவாமலே வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தை ஒருவாறு நிலைநிறுத்தலாம் என்பதை 1960இல் வெளியிட்டனர். இவ்விரு முறைகளும் இணைந்ததே இன்றைய உயிர்மீட்பு முறை.

முறை கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் அதைப் பல்லாயிரம் பேருக்குக் கற்பிப்பது எவ்வாறு? நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரில் குழந்தைகளுக்கான நூல்களையும் விளையாட்டுப் பொம்மைகளையும் தயாரித்து வந்த அஸ்முண்ட் லேர்டால் இதற்கு விடை கண்டார். மிருதுவான பிளாஸ்டிக்கில் பொம்மை வார்ப்பதில் அவர் கைதேர்ந்தவர். நீரில் மூழ்கவிருந்த தம் சிறுமகனைக் காப்பாற்றிய அனுபவமும் அவருக்கு உண்டு. பியோர்ன் லிண்ட் என்னும் நார்வே மருத்துவரும் சஃபாரும் கூறிய யோசனைகளைப் பெற்று, 1960இல் ‘ரெசுசி ஆன்’ என்னும் ஆளுயரப் பதுமையை அவர் வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரின் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகக் கூறப்படும், பெயர் அறியப்படாத ஓர் இளம்பெண்ணின் முகவார்ப்பே அதற்கு முகமாயிற்று. சஃபாரின் யோசனைப்படி அதன் மார்பினுள் சுருள்வில் ஒன்றும் பொருத்தப்பட்டமையால், செயற்கைச் சுவாசத்துடன் மார்பை அழுத்தும் முறையையும் அதில் பழக முடிந்தது.

பதுமை எவ்வாறு ஆசிரியராகிறது?

பதுமையின் அமைப்பு எளிமையானது. மார்பினுள் உள்ள சுருள்வில் மனித மார்பைப் போன்றே அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. போதிய ஆழத்திற்கு அழுத்தினால் ‘டிக்’ என்று ஒலிக்கும், அல்லது விளக்கு எரியும் வகையில் சில பதுமைகள் அமைந்துள்ளன. தொண்டைக்குள் செல்லும் குழாய், தலையைப் பின்னே சாய்த்து முகவாயை உயர்த்தினால் மட்டுமே திறக்கும். தலை சரியாகச் சாயாவிடில் எவ்வளவு ஊதினாலும் மார்பு எழும்பாது. இவ்வாறு தவறு நேர்ந்த அக்கணமே அது தவறென்று மாணவிக்குப் புலப்பட்டுவிடுகிறது. ஆசிரியர் பத்து முறை வாயால் திருத்துவதைக் காட்டிலும் இது விரைந்து மனத்தில் பதியும்.

வயது வந்தோருக்கு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையையும் வைத்து, முழங்கை மடியாமல் அழுத்துதல் வேண்டும். ஆழம் 5 முதல் 6 செ.மீ.; வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. 30 அழுத்தங்களுக்குப் பின் 2 முறை மூச்சு ஊட்டப்படுகிறது. இந்த வேகத்தில் 30 அழுத்தங்களுக்கு 15 முதல் 18 விநாடிகளே ஆகும். அதற்குக் கூடுதலாக ஆயின் வேகம் குறைந்தது என்றும், அதற்குள் முடிந்துவிட்டால் அவசரப்பட்டாள் என்றும் கடிகாரத்தைக் கொண்டே ஆசிரியர் அறியலாம்.

பயிற்சியின் தொடக்கத்தில் பெரும்பாலும் காணப்படும் பிழைகள் நான்கு. மெலிந்த உடலுடைய மாணவியர் கை வலிமையால் அழுத்த முயன்று ஆழம் போதாமற் போவது ஒன்று. உடலின் பாரத்தைத் தோளிலிருந்து நேராக இறக்கினால் இது நீங்கும். அழுத்தியபின் கையை முழுதும் தளர்த்தாமல் மார்பின் மேல் சாய்ந்துகொண்டே இருப்பது மற்றொன்று. மார்பு முழுதும் மேலெழுந்தால்தான் இதயத்தில் இரத்தம் மீண்டும் நிரம்பும் என்பதை உணர்த்தினால் இப்பிழை குறையும். மூச்சூட்டுவதற்காக அழுத்தத்தை நெடுநேரம் நிறுத்துவது மூன்றாவது. களைப்பை ஒப்புக்கொள்ளாமல் தொடர்வது நான்காவது. இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை ஆள் மாறுதல் வேண்டும் என்னும் விதி இதனாலேயே ஏற்பட்டது.

ஒரு பயிற்சி வகுப்பு

பதுமையின் மார்பை அழுத்துவது மட்டும் பாவனைப் பயிற்சியாகாது. நிலைமை முழுவதையும் அமைத்துக் காட்டுவதே அதன் சிறப்பு. எடுத்துக்காட்டாக, கோவிந்தாபுரம் பகுதியில் பணியாற்றவிருக்கும் மாணவியருக்கு ஆசிரியர் பின்வரும் நிலைமையை அமைக்கலாம். அணையில் குளிக்கச் சென்ற இளைஞன் நீரில் மூழ்கிவிட்டான், உடனிருந்தோர் கரை சேர்த்துள்ளனர், கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை. மூன்று மாணவியர் அங்கு வந்து சேருகின்றனர். மற்றவர்களில் சிலர் உறவினராக நடிக்கின்றனர். ஒருத்தி அழுது புலம்பிக் கையைப் பிடித்து இழுக்கிறாள். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற வேண்டும் என்று மற்றொருவர் வற்புறுத்துகிறார்.

நான்கு நிமிடங்களில் இந்நாடகம் முடிந்துவிடுகிறது. ஆனால் பாடம் அதன் பின்னரே தொடங்குகிறது. அனைவரும் வட்டமாக அமர்ந்து, நடந்ததை ஒவ்வொன்றாக ஆராய்கின்றனர். உணர்வில்லை என்று கண்டதற்கும் முதல் உதவி தொடங்கியதற்கும் இடையே எத்தனை விநாடிகள் கழிந்தன? நாடியையும் மூச்சையும் பார்க்க 10 விநாடிக்கு மேல் ஆயிற்றா? இதயம் தானாக நின்றவருக்கு மார்பை அழுத்துவது முதற் கடமை. ஆனால் நீரில் மூழ்கியவருக்குப் பிராணவாயு இன்மையே மூல காரணமாதலால் முதலில் மூச்சு ஊட்டியாக வேண்டும். இந்த வேற்றுமை நினைவில் நின்றதா? வயிற்றை அமுக்கச் சொன்னவரை மறுத்துப் பேச முடிந்ததா? அவ்வாறு அமுக்கினால் வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுப் பாதையை அடைக்கக் கூடும் என்பதும் அப்பொழுது விளக்கப்படுகிறது.

108ஐ அழைத்த மாணவி இடத்தை எவ்வாறு கூறினாள் என்பதும் ஆராயத்தக்கது. எல்லைப் பகுதியில் கைப்பேசி அழைப்பு அண்டை மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறையைச் சென்றடையவும் கூடும். ஊரின் பெயரை மட்டும் கூறுவது போதாது. மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்து, அருகிலுள்ள பள்ளி அல்லது கோயில் ஆகியவற்றையும் கூறுதல் வேண்டும். தமிழில் கற்ற மாணவி மலையாளத்திலும், மலையாளத்தில் கற்றவள் தமிழிலும் இவற்றைத் தெளிவாகச் சொல்லிப் பழகுவது நன்று. எந்தப் பாடநூலிலும் இல்லாத இத்தகைய உள்ளூர்ச் சிக்கல்களைப் பாவனைப் பயிற்சி முன்கூட்டியே வெளிப்படுத்திவிடுகிறது.

இந்த ஆய்வின்போது ஆசிரியர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பிழை செய்த மாணவியைப் பிறர் முன் இழிவுபடுத்துதல் ஆகாது. பதுமை இறப்பதில்லை, பிழை செய்யவே அது வைக்கப்பட்டிருக்கிறது. இகழ்ச்சிக்கு அஞ்சும் மாணவி தன் பிழையை மறைப்பாள். மறைத்த பிழையோ பின்னர் உண்மையான நோயாளியிடம் வெளிப்படும்.

பிறந்த சிசுவின் முதல் நிமிடம்

கிராமச் செவிலியர் சந்திக்கக் கூடிய நிலைமைகளுள் மிகவும் அவசரமானது மூச்சு விடாத சிசுவின் நிலைமையாகும். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு மூச்சு விடத் தொடங்குவதற்கு ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. அவற்றுள் பலவற்றிற்கு, உலர்ந்த துணியால் துடைத்து முதுகை மெல்லத் தேய்ப்பதே போதுமானது. அதற்கும் இணங்காத சிசுவுக்குப் பையும் முகமூடியும் கொண்டு முதல் ஒரு நிமிடத்திற்குள் மூச்சு ஊட்டத் தொடங்க வேண்டும். ஆகவேதான் இதனைப் ‘பொன்னான நிமிடம்’ என்கின்றனர்.

இந்தியாவில் 2009இல் தொடங்கப்பட்ட ‘நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்கிரமம்’ என்னும் மத்திய அரசுத் திட்டம், பேறுகாலப் பணியில் ஈடுபட்டோருக்கு இம்முறையைக் கற்பிப்பதை நோக்கமாகக் கொண்டது. 2010இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் ‘சிசுக்கள் மூச்சுவிட உதவுதல்’ என்னும் பயிற்சித் திட்டத்தை வெளியிட்டது. வசதி குறைந்த நாடுகளுக்கென அமைந்த இத்திட்டத்திற்காகவே எளிய சிசுப் பதுமை ஒன்றும் உருவாக்கப்பட்டது. மடித்துப் பையில் எடுத்துச் செல்லக் கூடிய அதனுள் வெதுவெதுப்பான நீரை நிரப்பினால், எடையிலும் துவண்ட தன்மையிலும் அது மெய்யான சிசுவையே ஒத்திருக்கும். ஆசிரியர் சிறு குமிழ் ஒன்றை அழுத்தினால் தொப்புள் கொடியில் துடிப்புத் தோன்றும். முகமூடி முகத்தில் இறுகப் பொருந்தி, தலை முன்னும் குனியாமல் பின்னும் அதிகமாகச் சாயாமல் இருந்தாலன்றி அதன் மார்பு எழும்பாது. மின்சாரம் தேவையில்லை; தனிக் கட்டிடமும் தேவையில்லை.

இப்பயிற்சியால் உண்மையில் உயிர்கள் காக்கப்பட்டனவா என்பதை அறிய ஆராய்ச்சிகள் நடைபெற்றன. வட கர்நாடகத்தில் பெளகாவியைச் சார்ந்த பகுதியில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிந்த 599 பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2013இல் வெளியாயின. குழந்தை இறந்து பிறத்தல் 3.0 சதவிகிதத்திலிருந்து 2.3 சதவிகிதமாகக் குறைந்தது. பேற்றின்போதோ அதற்குச் சற்று முன்னரோ இறந்ததாகக் கருதப்படும் குழந்தைகளின் விகிதம் 1.7இலிருந்து 0.9 ஆயிற்று. ஆனால் பிறந்தபின் நேரும் சிசு மரணத்தில் குறைவு காணப்படவில்லை.

இம்முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அசைவும் அழுகையும் இன்றிப் பிறக்கும் குழந்தை எல்லாம் இறந்த குழந்தையன்று. இதயத்துடிப்பு இருந்தும் மூச்சு மட்டும் இல்லாத சிசுவும் பார்வைக்கு இறந்தது போலவே தோன்றும். உதவ அறியாத கைகளில் அது ‘இறந்து பிறந்தது’ என்று பதிவேட்டில் எழுதப்பட்டுவிடும். பயிற்சி பெற்ற கைகளில் அதே சிசு மூச்சு விடவும் கூடும்.

கற்ற கை மறக்கிறது

ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் கண்ட அனுபவம் ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டியதாகும். அந்நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் இதே பயிற்சித் திட்டம் மேற்கொள்ளப்பட்ட பின், பிறந்த 24 மணி நேரத்திற்குள் நேரும் சிசு மரணம் 47 சதவிகிதம் குறைந்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்நாட்டின் ஹைடம் என்னும் ஊரிலுள்ள கிராமப்புற மருத்துவமனையில் தனியே நடந்த ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டியது. அங்கு ஒரு நாள் பயிற்சிக்குப் பின் பணியாளர்கள் பதுமையின் மேல் திறம்படச் செய்து காட்டினர். ஆனால் பேறுகால அறையில் மெய்யான சிசுக்களிடம் அவர்கள் செயலில் மாறுதல் ஏற்படவில்லை.

குறை எங்கே இருந்தது? பதுமையில் இல்லை, பயிற்சி ஒரு நாளோடு முடிந்துவிட்டமையே குறை. ஆகவே அம்மருத்துவமனையில் முறை மாற்றப்பட்டது. பதுமை பேறுகால அறையிலேயே வைக்கப்பட்டது. பணியாளர்கள் வேலைக்கிடையே சில நிமிடங்கள் அதில் அடிக்கடி பழகினர். மாதந்தோறும் சற்று நீண்ட மறுபயிற்சியும் அளிக்கப்பட்டது. அதன் பயனாக 24 மணி நேரத்திற்குள் நேரும் சிசு மரணம் ஆயிரத்திற்கு 11.1இலிருந்து 7.2 ஆகக் குறைந்தது என்று 2015இல் வெளியான அறிக்கை கூறுகிறது. துடைத்துத் தேய்த்துத் தூண்டப்பட்ட சிசுக்களின் தொகை மிகுந்தது. பையும் முகமூடியும் தேவைப்பட்டவற்றின் தொகையோ குறைந்தது. முதற்படியைக் காலத்தில் செய்தமையால் இரண்டாம் படி பலருக்குத் தேவைப்படவில்லை என்று இதனைக் கொள்ளலாம்.

உயிர்மீட்புத் திறமை, பயன்படுத்தாவிடில் மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் பெறும் அறிவு எஞ்சியிருந்தும், அழுத்தத்தின் ஆழமும் முகமூடியின் பிடிப்பும் கையிலிருந்து நழுவிவிடுகின்றன. சான்றிதழ் சுவரில் தொங்குவதாலேயே திறமை கையில் இருப்பதாகக் கொள்ளலாகாது. மிருதங்கம் வாசிப்பவர் அன்றாடம் சாதகம் செய்வதைப் போன்றதே இதுவும்.

இந்திய நர்ஸிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. நர்ஸிங் பாடத்திட்டம் 2021இல் அரசிதழில் வெளியாயிற்று. திறன் பயிற்சிக்கூடத்திற்கும் பாவனைப் பயிற்சிக்கும் அது இடமளித்துள்ளது. உயிர்மீட்பு, சிசுப் பராமரிப்பு ஆகியவை குறித்த பயிற்சிப் பகுதிகளும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன. கல்லூரியில் இவ்வாறு தொடங்குவது பணியிடத்திலும் தொடர வேண்டும். பதுமை கெட்டுவிடும் என்று அஞ்சி அலமாரியில் பூட்டி, ஆய்வாளர் வரும் நாளன்று மட்டும் வெளியில் எடுக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அங்கு பதுமை இருந்தும் இல்லாததேயாகும்.

பதுமையால் இயலாதவை

பதுமையின் குறைகளையும் மறத்தல் ஆகாது. அது வாந்தி எடுப்பதில்லை. விலா எலும்பு முறியும் ஓசையை எழுப்புவதில்லை. நனைந்து வழுக்கும் உடலின் இயல்பு அதற்கில்லை. எவ்வளவு முறையாகச் செய்தும் மெய்யான நோயாளி சில வேளைகளில் பிழைப்பதில்லை. இதனை மாணவியருக்கு முன்னரே எடுத்துரைக்காவிடில், முதல் தோல்வியில் அவர்கள் மனம் ஒடிந்து போகக் கூடும். ஆகவே பாவனைப் பயிற்சி படுக்கையருகே கற்கும் கல்விக்கு முன்னோடியே தவிர, அதற்கு மாற்று அன்று.

விலையுயர்ந்த, கணிப்பொறியால் இயங்கும் பதுமைகள் பெரிய கல்லூரிகளில் பயனுள்ளவையே. ஆயினும், அடிப்படைத் திறமையைக் கற்பதற்கு எளிய பதுமை போதுமானது. அதுவும் கிடைக்காத இடத்தில், கெட்டியான தலையணையைத் தரையில் இட்டுக் கையை வைக்கும் நிலையையும், வேகத்தையும், உரக்க எண்ணுவதையும், ஆள் மாறுவதையும் பழகலாம். சரியான ஆழத்தைத் தலையணை காட்டாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

துணை நிலையத்தில் சிசுப் பதுமையும் பையும் முகமூடியும் ஒரே இடத்தில், கைக்கு எட்டும்படி இருத்தல் நலம். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் பழகி, நாளைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம். பதுமையின் முகத்தை ஒவ்வொருவருக்கும் பின் தூய்மை செய்தல் அவசியம். பேற்றுக்கு முன் பையை அழுத்தி அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்வதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. மருத்துவப் பயிற்சி பெறாத பொதுமக்களுக்கென, மார்பை அழுத்துவதை மட்டுமே கொண்ட எளிய உயிர்காப்பு முறையை இந்திய மயக்க மருந்து வல்லுநர் சங்கத்தார் 2017இல் வகுத்து வெளியிட்டனர். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதனை ஒரு வகுப்பு நேரத்தில் கற்றுக்கொள்ள இயலும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து ஆண்டுக்கு இரு முறை இப்பயிற்சியை நடத்தினால், வண்டி வரும் வரை கை கட்டி நிற்காத இளைஞர் சிலர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பர்.

கோவிந்தாபுரத்திற்கும் பெரிய மருத்துவமனைக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு நாளில் குறைந்துவிடாது. இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலையோரச் சிற்றூர்களுக்கும் இதுவே நிலைமை. அத்தொலைவைக் கடக்கும் வரை உயிரைத் தாங்கி நிற்க வேண்டியது அருகிலிருக்கும் ஒருவரின் இரு கைகளே. அக்கைகள் சென்ற வாரம் பதுமையின் மேல் பழகியவையாக இருத்தல் வேண்டும்.